ஓடையை மறித்து டிரவுட் குளம் வெட்டப் போகிறவர்களுக்கு

நீலகிரி, கொடைக்கானல், மூணாறு, நுவரெலியா மலைகளில் எஸ்டேட்டும் பங்களாவும் விடுதியும் வைத்திருக்கும் அன்பர்களுக்கு,



தேயிலை விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்க, பழைய பங்களாவுக்கு வெள்ளையடித்து விருந்தினருக்கு விடுவது மலைத்தோட்டங்களில் வழக்கமாகிவிட்டது. அறை மட்டும் போதாது, வந்தவர்களுக்குப் பொழுது போக வேண்டும். தோட்டத்துக்குள் ஒரு ஓடை ஓடினால் யோசனை தானாக வந்துவிடுகிறது. ஓடையை மறித்து ஒரு குளம், குளத்தில் டிரவுட், விருந்தினர் கையில் தூண்டில், ராத்திரி அவர்கள் பிடித்த மீனே தட்டில். ஜேசிபிக்கு வாடகை பேசியாயிற்று, மீன்குஞ்சு எங்கே கிடைக்கும் என்ற விசாரணையும் நடக்கிறது. அந்த இரண்டு வேலைக்கும் நடுவில் உங்கள் கைக்கு வரவேண்டும் என்று எழுதப்படுவது இந்த மடல்.

டிரவுட் இந்த மலைகளின் மீன் அல்ல. ரெயின்போ டிரவுட்டுக்குப் பூர்வீகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளும் ருஷ்யாவின் கம்சட்கா பகுதியும். பிரவுன் டிரவுட் ஐரோப்பாவுடையது. ஊட்டிக்கு வந்த வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தங்கள் ஊர்க் குளிர் கிடைத்தது, ஓடை கிடைத்தது, தங்கள் ஊர் மீன்தான் கிடைக்கவில்லை. 1860களில் மதராஸ் ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவரப் பார்த்தார். பிற்பாடு இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதிய அதே டேதான். அவராலேயே முடியவில்லை. அதே காலத்தில், 1864ல், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பாசியில் பொதிந்து வைத்த முட்டைகள் ‘நார்ஃபோக்’ என்ற கப்பலில் ஏறக்குறைய மூன்று மாதம் பயணம் செய்து, ஆஸ்திரேலியா போய், டாஸ்மேனியாவில் உயிரோடு பொரிந்தன. நியூசிலாந்துக்கு டிரவுட் போனது அங்கிருந்துதான்.

நீலகிரிக்கு அந்த யோகம் வாய்க்க இன்னும் நாற்பது வருடம் பிடித்தது. இடையில் 1879ல் வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்க நீலகிரிக்கென்றே தனிச் சட்டம் வந்தது. ஆக, மீன் வந்து நிலைப்பதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது! 1907ல் ஹெச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் முட்டைகள் வந்தன. பிரவுன் டிரவுட் நிலைக்கவில்லை, ரெயின்போ நிலைத்தது. மூணாறில் தேயிலைத் துரைமாரும், நுவரெலியாவில் அவர்களுக்கும் முன்னால் இலங்கைத் தோட்டத்து வெள்ளையரும் இதையே செய்தார்கள். காசுக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லாத ஆட்சி அரை நூற்றாண்டு மெனக்கெட்டும், மலையின் மிகக் குளிர்ந்த சில ஓடைகளிலும் ஏரிகளிலும்தான் இந்த மீன் தங்கியது. உங்கள் தோட்டத்து ஓடை அந்தச் சிலவற்றில் ஒன்றா என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை குஞ்சு வாங்கலாம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் வேண்டாம். ஒரு தெர்மாமீட்டர், ஒரு பக்கெட், ஒரு கைக்கடிகாரம் போதும்.

தெர்மாமீட்டர் எதற்கென்றால், டிரவுட் சுகமாகத் தின்று வளர்வது 10 முதல் 16 டிகிரி வரையுள்ள தண்ணீரில். 20ஐத் தாண்டினால் அதற்குத் திணறல் ஆரம்பம். 25ஐ நெருங்கினால் சாவு. ஜனவரி விடியற்காலையில் கையை விட்டால் விரல் மரத்துப்போகிற ஓடையைக் காட்டி “இதைவிடக் குளிர் எங்கே கிடைக்கும்?” என்று கேட்காதீர்கள். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும், பிற்பகல் மூன்று மணிக்கு என்ன காட்டுகிறது என்பதே கணக்கு. அதுவும் சோலை நிழலில் ஓடும் தண்ணீர் வேறு, வெட்டவெளிக் குளத்தில் நாள் முழுக்க வெயில் காயும் தண்ணீர் வேறு. ஓடையில் 17 இருந்தால் ஆழமில்லாத குளத்தின் மேற்பரப்பில் அது 20ஐத் தாண்டிவிடும். அந்தச் சூடு, உபரி நீர் வெளியேறும் கலிங்கு வழியாக இறங்கிக் கீழுள்ள ஓடையையும் சுட வைக்கும்.

பக்கெட் விஷயம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. குளத்துக்குள் வரப்போகும் தண்ணீரை ஒரு குழாய் வழியாக விழவிட்டு, 15 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். 15 வினாடியில் நிறைந்தால் வரத்து வினாடிக்கு 1 லிட்டர். மணிக்கு 3,600 லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது அல்லவா? இதில் மீன் மூச்சுக்கு எவ்வளவு என்று பாருங்கள். கடல் மட்டத்தில் 15 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே முக்கால் பங்குதான் என்பதால், அதே தண்ணீரில் கரைவது ஏழரை மில்லிகிராம் சொச்சம். 6 மில்லிகிராமுக்கு வெகுவாகக் கீழே போனால் டிரவுட் தாங்காது. எனவே லிட்டருக்கு 2 மில்லிகிராமைத்தான் மீனுக்கென்று எடுத்துக்கொள்ள முடியும். மணிக்கு 7,200 மில்லிகிராம். ஒரு கிலோ டிரவுட் மணிக்குச் சுமார் 300 மில்லிகிராம் உறிஞ்சும், தின்ற பிறகு இன்னும் அதிகம். வகுத்துப் பார்த்தால் வரத்தை நம்பி வாழக்கூடியது 24 கிலோ. கால் கிலோ மீனாக எண்ணினால் நூறுகூட இல்லை.

சமவெளிக்கு எழுதிய வெளிநாட்டுக் கையேட்டைப் பார்த்துப் போட்டால் இதைப்போல் இரண்டு மடங்கு வரும். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. மே மாதத்தில் பக்கெட் நிறைய 15 வினாடிக்குப் பதில் 45 வினாடி ஆனால், நூறு மீன் முப்பதாகச் சுருங்கும்.

குளத்தின் மேற்பரப்பும் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்குமே, பாசியும் தருமே என்பீர்கள். உண்மைதான், பகலில் தரும். பொழுது சாய்ந்ததும் அதே பாசி மீனோடு போட்டி போட்டுக்கொண்டு ஆக்சிஜனைத் தின்னும். அதனால்தான் குளத்து மீன் பெரும்பாலும் விடியற்காலையில் சாகிறது. முந்தின நாள் சாயங்காலம் துள்ளிய மீன் காலையில் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தால், யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று காவல்காரரைத் திட்டும் முதலாளிகள் உண்டு. பெரும்பாலும் விஷம் வைத்தது தீனி மூட்டைதான். தின்னாமல் அடியில் தங்கிய தீனியும் மீன் கழிவும் பாசிக்கு உரமாகின்றன. பாசி மிகுந்த குளத்து மீனில் ஒரு மண்வாடையும் ஏறும். எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் சமையல்காரரால் அதைப் போக்க முடியாது.

விஷம் நிஜமாகவே வரும் வழியும் ஒன்று உண்டு, அது உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வந்தால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிக்கிறீர்கள். செம்பு டிரவுட்டுக்குக் கொடிய நஞ்சு. சுண்ணாம்புச் சத்து உள்ள தண்ணீரில் அந்த நஞ்சின் வீரியம் ஓரளவு குறையும். நீலகிரிப் பாறைகளிலிருந்து கசியும் தண்ணீரோ சுண்ணாம்பு அதிகமில்லாத மென்நீர். மருந்து தெளித்த மறுநாள் கனமழை பெய்தால் சரிவிலிருந்து வழிவதெல்லாம் நேராகக் குளத்துக்கு வரும். தேயிலைக்கும் குளத்துக்கும் நடுவே புல்லும் புதருமாக அகலமான பட்டை விடாமல் டிரவுட்டைப் பற்றிப் பேசுவதே வீண்.

சரி, தண்ணீர் தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது மீன்.

குளத்தில் விட்ட டிரவுட் அங்கே பெருகாது. பெண் மீன் ஓடும் தண்ணீரில், சரளைக்கல் பரப்பில், வாலால் அடித்தடித்துக் குழி பறித்து முட்டையிடும். கற்களின் இடுக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு மூச்சு. 10 டிகிரித் தண்ணீரில் ரெயின்போ முட்டை பொரிய ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தில் மேலே யாராவது ரோடு வெட்டிச் சேறு வந்தால் அவ்வளவுதான். ஆகவே குளம் என்றால் வருடா வருடம் வாங்கி விடுவதும், பிடித்துத் தின்பதும்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘காட்டு மீன்’ என்று விளம்பரப் பலகை வைக்காமல் இருந்தால் சரி. வைத்தாலும் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். தொட்டியில் நெருக்கியடித்து வளர்ந்த மீனின் முதுகுத் துடுப்பு தேய்ந்து, ஓரம் வெளுத்து, கட்டையாக நிற்கும். மார்புத் துடுப்பு வளைந்திருக்கும், வாலின் முனைகள் மழுங்கியிருக்கும். ஓடையில் பிறந்த மீனின் துடுப்பு கத்திரித்து எடுத்ததுபோல் முழுசாக விரியும். தட்டில் மின்னும் அந்த இளஞ்சிவப்புச் சதையும் பெரும்பாலும் தீனியில் கலந்த நிறமியின் வேலை.

உங்களில் சிலருடைய ஓடையில் துரைமார் விட்ட டிரவுட் ஏற்கெனவே தானாகப் பெருகி வாழ்ந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஓடை வைத்திருப்பவர்கள் மொன்டானா கதையை அவசியம் கேட்க வேண்டும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மேடிசன் என்றொரு ஆறு. தூண்டில்காரர்களுக்கு அது காசி. 1960களில் அந்த ஆற்றில் வருடந்தோறும் பண்ணையில் வளர்த்த ரெயின்போவை மாநில மீன் துறையே லாரியில் கொண்டுவந்து கொட்டியது. டிக் வின்சென்ட் என்ற உயிரியலாளர் ஆற்றிலிருக்கும் மீனை எண்ணத் தொடங்கினார். மீன் கொட்டாத பகுதியில் காட்டு டிரவுட் தழைக்கிறது, கொட்டுகிற பகுதியில் குறைகிறது என்பது போல் எண்ணிக்கை வந்தது. சோதித்துப் பார்த்தார்கள். 1970ல் மேடிசனின் ஒரு பகுதியில் கொட்டுவதை நிறுத்தினார்கள், அதுவரை கொட்டாத ஓடெல் என்ற ஓடையில் கொட்டத் தொடங்கினார்கள். நாலைந்து வருடத்தில் நிறுத்திய இடத்தில் காட்டு மீன் பல மடங்கு பெருகியது, தொடங்கிய இடத்தில் சரிந்தது. பண்ணை மீன் கூட்டத்துக்குப் பழகியது. அது வந்து இடித்து நெருக்கியதில் காட்டு மீன் தன் இடத்தை இழந்தது. வந்த மீனும் குளிர்காலம் தாண்டவில்லை. தூண்டில்காரர்களின் எதிர்ப்பையும் மீறி, 1974ல் காட்டு டிரவுட் வாழும் ஆறுகளில் மீன் விடுவதை மொன்டானா கைவிட்டது. இன்றும் தூண்டிலோடு உலகமே அங்கே போகிறது.

தனியார் தூண்டில் நீர்நிலைகளின் தாய்வீடு இங்கிலாந்து. டெஸ்ட் ஆற்றங்கரையில் ஹாட்டன் கிளப் 1822ல் தொடங்கியது. அங்கே ஆற்றுக் காவலராக இருந்த வில்லியம் லன் செய்த வேலை ஒன்றை நம்மூரிலும் செய்து பார்க்கலாம். மீனுக்கு இரையாகும் பூச்சிகள் பலகையின் அடியில் முட்டையிடும் என்று கண்டு, ஆற்றில் பலகைகளை மிதக்கவிட்டு அந்த முட்டைகளைக் காப்பாற்றினார். தீனிக்கு வழிசெய்தால் மீன் தானே தேறும் என்பது அவர் கணக்கு. இங்கிலாந்தில் 2015 முதல் ஆற்றில் விடும் பிரவுன் டிரவுட் ஒன்று மலடாக்கப்பட்டதாக இருக்க வேண்டும், அல்லது அந்த ஆற்று மீனின் வாரிசாக இருக்க வேண்டும். கருவுற்ற சில நிமிடங்களில் முட்டைக்கு வெப்பமோ அழுத்தமோ கொடுத்தால் இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோமோடு குஞ்சு வரும். அது வளரும், இனம் பெருக்காது. உங்கள் குளத்துக்குக் குஞ்சு கேட்கும்போது முதலில் இப்படி மலடாக்கிய குஞ்சு உண்டா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தாலும், கேட்பவர் பெருகினால்தான் கொடுப்பவர் யோசிப்பார்.

அடுத்து, லாரி எங்கிருந்து வருகிறது என்பது. மீனோடு நோயும் வரும். சுழல் நோய் என்று ஒன்று. வண்ணமீன் கடைகளில் தீனியாக விற்கிறார்களே, அந்த டியூபிஃபெக்ஸ் புழுவில் பாதி வாழ்க்கையும் டிரவுட்டில் மீதி வாழ்க்கையும் வாழும் ஓர் ஒட்டுண்ணிதான் காரணம். குஞ்சின் குருத்தெலும்பைத் தின்றுவிடும். வால் கறுத்து, தலை கோணி, மீன் தன் வாலைத் தானே துரத்துவதுபோல் சுற்றிச் சுற்றிச் சாகும். அதன் வித்துகள் சேற்றில் வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். அமெரிக்காவின் கொலராடோவுக்குள் இந்த நோய் 1980களில் வந்தது, தனியார் பண்ணைகள் வெளிமாநிலத்திலிருந்து வாங்கிய மீனோடுதான். அதே மேடிசன் ஆற்றில் 1994ல் கண்டுபிடிக்கப்பட்டபோது மேல்பகுதியில் ரெயின்போ பத்தில் ஒன்பது பங்கு அழிந்திருந்தது. பக்கத்து எஸ்டேட்காரர் மிச்சக் குஞ்சை டிரம்மில் போட்டு இலவசமாகத் தருகிறார் என்றால், அந்த இலவசத்தை வாங்காதீர்கள். அரசுப் பொரிப்பகமானாலும் தனியாரானாலும் நோயில்லை என்ற சான்றோடு வாங்குங்கள். வந்த மீனைத் தனித்தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்துவிட்டுக் குளத்தில் விடுங்கள். லாரித் தண்ணீரைக் குளத்தில் ஊற்ற வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் கலிங்கு. அதன் வழியாகத்தான் குளத்து மீன் ஓடைக்குத் தப்பும்.

உலகின் மிக மோசமான அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட நூறு பெயர்ப் பட்டியலில் ரெயின்போவும் உண்டு, பிரவுனும் உண்டு. பெரிய மீனே இல்லாத மலையுச்சி ஓடைகளில் தவளைகள் அச்சமில்லாமல் முட்டையிட்டு வாழப் பழகியிருக்கின்றன. அங்கே டிரவுட் நுழைந்தால் தலைப்பிரட்டைகள் தீனியாகும். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகளில் இப்படித்தான் மஞ்சள்கால் தவளைகள் அருகின. ஆராய்ச்சிக்காகச் சில ஏரிகளில் டிரவுட்டை வலை போட்டு அகற்றியபோது தவளைகள் சில வருடத்திலேயே திரும்பப் பெருகின. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் 15 டிகிரிக்குக் குறைவான ஓடைகளில், சுமார் பத்து கிலோமீட்டர் தூரத்துக்குள் மட்டுமே வாழும் ஒரு நன்னீர் இறால் இருக்கிறது. அதே ஓடைகளில்தான் துரைமார் விட்ட ரெயின்போவும் திரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலை ஓடைகளிலும் வேறெங்கும் இல்லாத தவளைகள் உண்டு. உங்கள் ஓடை இறங்கிப் போவது முக்கூர்த்திக்கோ இரவிகுளத்துக்கோ என்றால், உங்கள் கலிங்கு தேசியப் பூங்காவின் கதவு. அயல் ஊடுருவல் இனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை 2022ல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்திய அரசுக்குத் தந்திருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

கம்பிவலை போட்டுவிட்டால் மீன் தப்பாது என்பீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இலையும் சருகும் அடைத்த வலை அந்த மழையில் பத்து நிமிடம் நிற்காது. வலை நின்றாலும் கரை நிற்காது. அதனால் ஓடையை மறிக்கவே மறிக்காதீர்கள். குளத்தை ஓடைக்கு அப்பால் மேட்டில் வெட்டி, தேவையான தண்ணீரை மட்டும் குழாயில் எடுங்கள். ஓடையின் பாதித் தண்ணீராவது எப்போதும் அதன் வழியில் ஓடட்டும். வெளியேறும் தண்ணீரைச் சரளையும் நாணலும் உள்ள ஒரு தொட்டியில் தங்கவிட்டு அனுப்புங்கள். வெள்ளம் வந்தாலும் தொடாத உயரத்தில் இடமில்லை என்றால், உங்கள் தோட்டத்தில் டிரவுட்டுக்கு இடமில்லை.

விருந்தினர் தூண்டிலுக்குச் சட்டம் நிறைய வேண்டாம். கொக்கியின் முள் மழுக்கியது. மீனைத் திரும்ப விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றுவது. தெர்மாமீட்டர் 20 காட்டினால் அன்றைக்குத் தூண்டில் கிடையாது, முன்பதிவு செய்து வந்தவரானாலும் சரி. சூடேறிய தண்ணீரில் போராடிக் களைத்த மீனை விட்டாலும் அது பிழைப்பது அரிது. அதையும் மீறிப் பிடித்துவிட்டால் சமைத்துவிடுவதே நேர்மை.

முடிவெடுக்கும் முன் இன்னொரு காரியமும் செய்யுங்கள். அந்த ஓடைத் தண்ணீரைக் குழாயில் பிடித்துக் குடிக்கும் லைன் வீட்டு மக்களும், கீழே காய்கறி போடும் விவசாயிகளும் இருக்கிறார்கள். எந்த மாதம் ஓடை சுருங்கும், எந்த மழைக்குக் கரையேறும், எந்தப் பாறையடியில் தவளை கத்தும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.